கடைக் கொப்பியும் கடனட்டையும்

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கையில் கிடைத்த ஒரு பிள்ளை சென்ற வருடம் என்னைத் தேடி வந்தாள். வணிகப் பிரிவில் என்னிடம் படித்தவள். விடுதிக்குக் கொண்டு போக வேண்டிய பொருட்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். போர்வை, வாளி, மின்கேத்தல், குடை, மடிக்கணினி என்று நீண்ட பட்டியலின் கடைசி வரியில் “கிரெடிட் கார்ட்” என்று இருந்தது.

“டீச்சர், கம்பஸுக்குப் போகக்குள்ள கார்ட் ஒன்று கையில இருந்தா நல்லம்தானே? எந்த பேங்க் கார்ட் எடுக்கலாம்?”

அவளுடைய வாப்பாவும் கூட வந்திருந்தார். சந்தையடியில் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மகள் கேட்டதற்கு நான் பதில் சொல்லுமுன் அவர் சொன்னார்: “கார்டெண்டாலும் கடன்தானே டீச்சர். கடன் எங்கட கடையிலயும் குடுக்கிறம். அதுல அப்பிடி என்ன இருக்கு?”

மகளின் கேள்வியை விட வாப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. எந்த வங்கியின் அட்டை நல்லது என்று கேட்பதற்கு முன்னர், இது என்ன விதமான கடன் என்று கேட்க வேண்டும். அன்று அவர்களோடு பேசியதையும் பேச மறந்ததையும் சேர்த்து, இந்த வருடம் பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

கொப்பிக் கடன்

கடைக் கொப்பி எப்படி நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, தேங்காய் 3 என்று கடைக்காரர் எழுதிக் கொண்டு போவார். சம்பளம் வந்ததும் கணக்கைக் கூட்டிக் கட்டுவோம். அவர் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். ஆளையும் குடும்பத்தையும் அவருக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்ற ஓர் எல்லையும் அவருடைய மனதில் இருக்கும். கட்டப் பிந்தினால் அவருடைய முகம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் 4,000 ரூபா எழுதிய இடத்தில் 4,000 ரூபாதான் இருக்கும்.

உலகின் முதல் அட்டைகளுள் ஒன்றும் ஏறக்குறைய இந்தக் கொப்பி போலத்தான் தொடங்கியது. 1950 இல் நியூயோர்க் நகரில் டைனர்ஸ் கிளப் என்ற பெயரில் ஒரு மட்டை அட்டை வந்தது. அதைக் காட்டி உணவகங்களில் சாப்பிடலாம். பிறகு பட்டியல் வரும்போது முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். கொப்பிக்கும் அதற்கும் இடையிலிருந்த வித்தியாசம், கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக ஒரு நிறுவனம் வந்து நின்றதுதான். கடைக்காரருக்கு அந்த நிறுவனம் பணம் கொடுக்கும், ஒரு சிறு கழிவை எடுத்துக் கொண்டு.

எட்டு வருடங்களின் பின்னர்தான் கதை மாறியது. 1958 செப்டெம்பரில் பேங்க் ஒஃப் அமெரிக்கா என்ற வங்கி, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்குத் தபாலில் அட்டைகளை அனுப்பியது. யாரும் கேட்கவில்லை, வீட்டுக்கே வந்தது. இந்த அட்டையில் மாத முடிவில் முழுவதையும் கட்ட வேண்டியதில்லை. கொஞ்சத்தைக் கட்டிவிட்டு மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு உருட்டி விடலாம். உருட்டிய தொகைக்கு வட்டி. 1976 இல் விசா என்று பெயர் மாறியது இந்த அட்டைதான். இன்று நம் நாட்டில் ஒருவர் கையில் வைத்திருக்கும் கடனட்டை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையின் பிள்ளையே.

ஆகவே அந்த வாப்பாவுக்கு நான் சொன்ன பதில் இது: “காக்கா, மாத முடிவில முழுசாக் கட்டினா இது உங்கட கொப்பி. ஒரு சதம் மிச்சம் வச்சா வேற சாமான்.”

கூற்றை வாசிக்கும் விதம்

கடனட்டை வைத்திருப்பவருக்கு மாதம் ஒரு கூற்று வரும். முன்பெல்லாம் தபாலில் வந்தது, இப்போது மின்னஞ்சலில் வருகிறது. அதில் எத்தனை பக்கம் இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு திகதிகளும் இரண்டு தொகைகளும் ஆகும்.

முதலாவது கூற்றுத் திகதி. அந்த மாதக் கணக்கை வங்கி மூடும் நாள். மற்றையது பணம் கட்ட வேண்டிய இறுதித் திகதி. உதாரணமாக ஓர் அட்டையின் கூற்றுத் திகதி ஒவ்வொரு மாதமும் 15, இறுதித் திகதி அடுத்த மாதம் 5 என்று வைத்துக் கொள்வோம். ஜூன் 16 இல் ஒரு பொருளை வாங்கினால் அது ஜூலை 15 கூற்றில் வரும். ஓகஸ்ட் 5 வரை அவகாசம். அதாவது 50 நாட்கள். அதே பொருளை இரண்டு நாள் முந்தி ஜூன் 14 இல் வாங்கியிருந்தால் ஜூலை 5 இல் கட்டியாக வேண்டும். அப்போது 21 நாட்கள்தான். விளம்பரத்தில் “50 நாட்கள் வரை வட்டியில்லை” என்று போடும்போது, அந்த “வரை” என்ற சொல் இந்த வித்தியாசத்தைத்தான் மறைத்து வைத்திருக்கிறது.

அடுத்தது தொகைகள். ஒன்று மொத்த நிலுவை. அதன் அருகிலேயே, சில கூற்றுகளில் அதைவிடத் தெளிவாக, ஆகக் குறைந்த கொடுப்பனவு என்று ஒரு சிறிய தொகை இருக்கும். பல அட்டைகளில் அது நிலுவையின் 5 வீதமளவில் இருக்கும். இளம் பிள்ளைகள் ஏமாறும் இடம் இதுதான். இரண்டு தொகைகள் அடுத்தடுத்து இருக்கும்போது சிறியதே இந்த மாதத்துக்கான பில் என்று மனம் எடுத்துக் கொள்கிறது. அந்தத் தொகையைக் கட்டினால் பிந்திய கட்டணம் வராது, வங்கியிலிருந்து அழைப்பும் வராது. ஆனால் வட்டி ஓடிக் கொண்டே இருக்கும்.

அந்தப் பிள்ளையின் பட்டியலில் இருந்த மடிக்கணினியையே எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வணிகப் பிரிவுப் பிள்ளைகள் தாளும் பேனையும் எடுத்துத் தாங்களே செய்து பார்க்கலாம். விலை 100,000 ரூபா. வருட வட்டி 28 வீதம், எனவே மாதத்துக்கு ஏறத்தாழ 2.33 வீதம். ஆகக் குறைந்த கொடுப்பனவு 5 வீதம். இந்தக் கொள்வனவுக்குப் பிறகு அட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள், ஒரு ரப்பர் கூட வாங்கவில்லை என்றும் வைத்துக் கொள்வோம்.

முதல் மாதம் 5,000 ரூபா கட்டுகிறாள். மிச்சம் 95,000. அதற்கு வட்டி ஏறி அடுத்த கூற்றில் 97,217 ரூபா வருகிறது. கட்டிய 5,000 இல் கடனைக் குறைத்தது 2,783 ரூபாதான். இப்படியே ஒவ்வொரு மாதமும் 5 வீதம் கட்டிக் கொண்டு போனால், ஒரு வருடத்தில் அவள் கட்டிய மொத்தம் சுமார் 51,600 ரூபா. மிஞ்சியிருக்கும் கடன் சுமார் 71,300. இரண்டாவது வருட முடிவில் கட்டிய மொத்தம் சுமார் 88,400. இன்னும் 50,800 ரூபா கடன் இருக்கும். அதற்குள் அவள் இரண்டாம் வருடத்தை முடித்திருப்பாள், மடிக்கணினியின் பற்றரியும் போயிருக்கும்.

அதே கடனுக்கு மாதம் 10,000 ரூபா என்று நிலையாகக் கட்டினால் பன்னிரண்டாவது கொடுப்பனவோடு கடன் தீர்ந்துவிடும். கடைசிக் கொடுப்பனவு 2,200 ரூபா அளவில் வரும். வட்டியாகப் போவது 12,200 ரூபா அளவே. பொருளும் வீதமும் ஒன்றுதான். கட்டும் தொகை மட்டுமே வேறு. ஆகக் குறைந்த கொடுப்பனவு குறைந்து கொண்டே போவது ஒரு சலுகை போலத் தெரியும். உண்மையில், நிலுவை குறையும்போது கொடுப்பனவும் சேர்ந்து குறைவதால்தான் கடன் முடியாமல் இழுபடுகிறது.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுத் தொகையையும் இறுதித் திகதிக்குள் கட்டாவிட்டால், பெரும்பாலான உடன்படிக்கைகளின்படி பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். நிலுவை இருக்கும் காலத்தில் வாங்கும் புதிய பொருட்களுக்கும் அந்த வட்டியில்லா நாட்கள் கிடைப்பதில்லை. மேலே நான் போட்ட கணக்கில் இவற்றைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் தொகை இன்னும் கொஞ்சம் கூடும்.

என்னுடைய முதல் அட்டை

இதெல்லாம் புத்தகத்தில் படித்து வந்த அறிவு என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது. எனக்கு முதல் நியமனம் கிடைத்து, ஊரை விட்டுத் தூரத்தில் படிப்பித்துக் கொண்டிருந்த காலம். ஒரு சுப்பர் மார்க்கெட்டின் வாசலில் மேசை போட்டு, கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி நின்றிருந்தார். சம்பளப் பட்டியலின் பிரதி ஒன்றும் அடையாள அட்டையும் போதும் என்றார். கையெழுத்து வைத்தவர்களுக்குக் குடை ஒன்று இலவசம். நான் வணிகக் கல்விப் பட்டதாரி. நிபந்தனைத் தாளின் எட்டுப் பக்கத்தையும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். குடை நன்றாகத்தான் இருந்தது.

அந்த அட்டையில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் உம்மாவுக்கு ஒரு சலவை இயந்திரம். கைமூட்டு வலியோடு அவர் கிணற்றடியில் உடுப்புத் துவைப்பதைப் பார்த்துக் கொண்டிருக்க முடியவில்லை. இயந்திரம் வீட்டுக்கு வந்த அன்று உம்மா அயல் வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் மாதா மாதம் சிறிய தொகையைக் கட்டி வந்தேன். அதுதான் தவணை என்றே நினைத்தேன். பதினான்கு மாதங்களின் பின்னர் ஒரு நாள் எல்லாக் கூற்றுகளையும் எடுத்துப் பரப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தேன். இயந்திரத்தின் விலையில் அரைவாசிக்கு மேல் கட்டியிருந்தேன். கடனில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட அப்படியே இருந்தது.

ஆசிரியர் அறையில் பிடித்த சீட்டு அடுத்த மாதம் எனக்கு விழுந்தது. அந்தக் காசை அப்படியே கொண்டு போய்க் கட்டி அட்டையை முடித்தேன். உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கூற்றுகள் மேசையில் கிடந்ததைத் தம்பி பார்த்துச் சொல்லியிருக்கிறான். உம்மா கோபப்படவில்லை. “இந்த மெஷினுக்கு வட்டி கட்டினியா மகள்?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவர் அந்த இயந்திரத்தைத் தொடவில்லை. கிணற்றடியிலேதான் துவைத்தார்.

வட்டியென்னும் கேள்வி

எங்கள் வீடுகளில் இந்தக் கேள்வியைத் தாண்டிக் கொண்டு கடனட்டையைப் பற்றிப் பேச முடியாது. நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதியுள்ளவள் அல்ல. தெரிந்த அளவைச் சொல்கிறேன். பஹ்ரைனைத் தலைமையகமாகக் கொண்டு, இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நியமங்களை வகுக்கும் அயோஃபி என்ற அமைப்பு, அட்டைகளுக்கென்றே தனியான ஷரீஆ நியமம் ஒன்றை வைத்திருக்கிறது. சொந்தக் கணக்கிலுள்ள பணத்தைச் செலவழிக்கும் பற்றட்டையை அது அனுமதிக்கிறது. மாத முடிவில் முழுவதையும் கட்ட வேண்டிய, வட்டி நிபந்தனை இல்லாத அட்டையையும் அனுமதிக்கிறது. வட்டியோடு உருட்டும் வசதியுள்ள கடனட்டையை வழங்கக் கூடாது என்கிறது.

ஒவ்வொரு மாதமும் முழுவதையும் கட்டுவேன், வட்டி வரவே விடமாட்டேன் என்ற உறுதியோடு சாதாரணக் கடனட்டையை வைத்திருக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வட்டி நிபந்தனையுள்ள பத்திரத்தில் கையெழுத்திடுவதே கூடாது என்பாரும் உளர். தேவையும் உறுதியும் இருந்தால் இடமுண்டு என்பாரும் உளர். அட்டை எடுக்கும் முன்னர் உங்கள் வீட்டார் நம்பும் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். கேட்கும்போது “கார்ட் எடுக்கலாமா?” என்று மொட்டையாகக் கேட்காமல், நிபந்தனைத் தாளைக் கொண்டு போய்க் காட்டிக் கேளுங்கள். எந்த வகை அட்டை என்று தெரிந்தால்தான் அவராலும் சரியாகச் சொல்ல முடியும்.

மார்க்கத்தை ஒரு புறம் வைத்துப் பார்த்தாலும், வட்டி வீதம் கல்லில் வெட்டிய எழுத்தல்ல. 2020 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்ச எல்லை விதித்தது. 2022 ஏப்ரலில், பொருளாதார நெருக்கடியின் நடுவில், அந்த எல்லை நீக்கப்பட்டது. அந்த வருடமே அட்டை வட்டி 36 வீதம் வரை ஏறியது. 2023 ஓகஸ்டில் மறுபடியும் 28 வீதம் என்ற எல்லைக்குள் கொண்டு வரப்பட்டது. 100,000 ரூபா நிலுவை வைத்திருந்த ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாவாக இருந்த வட்டி, இரண்டு வருடத்தில் 3,000 ரூபாவானது. அரிசியும் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் எட்டாத விலைக்குப் போன அதே மாதங்களில்தான் இதுவும் நடந்தது. கடன் வாங்கும் நாளில் இருந்த வீதம் கடன் முடியும் வரை இருக்கும் என்று நினைத்தவர்கள் அந்த வருடம் பட்ட பாட்டை நான் நேரில் கண்டேன்.

யாருடைய பெயரில்?

பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு வருமானம் இல்லை. எனவே நம் நாட்டு வங்கிகள் அவளுடைய பெயரில் சாதாரணமாகக் கடனட்டை கொடுப்பதில்லை. 18 வயதும் நிலையான வருமானத்துக்கான அத்தாட்சியும் கேட்பார்கள். நிலையான வைப்பொன்றைப் பிணையாக வைத்து அட்டை எடுக்கும் வழியும் உண்டு. ஆனால் மாணவிகள் கையில் வருவது அநேகமாகத் துணை அட்டைதான். வாப்பாவோ காக்காவோ வைத்திருக்கும் கடனட்டைக் கணக்கில் இன்னொரு அட்டை. அதில் பிள்ளையின் பெயர் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

பொறித்திருக்கும் பெயர் பிள்ளையுடையது, கடன் வாப்பாவுடையது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். துணை அட்டையில் செலவாகும் ஒவ்வொரு ரூபாவும் முதன்மை அட்டைக்காரரின் கூற்றில் வரும். கட்டப் பிந்தினால் பிந்தியவர் அவர். அட்டையின் கடன் எல்லையும் தனித்தனி அல்ல, பெரும்பாலும் ஒன்றேதான். நீங்கள் விடுதியில் சிநேகிதிகளுக்கு விருந்து வைத்த அதே கிழமையில் வாப்பா ஆஸ்பத்திரிப் பட்டியலுக்கு அட்டையை நீட்டினால், எல்லை தாண்டிவிட்டது என்று அவரிடம்தான் சொல்லுவார்கள்.

அந்தப் பிந்தல் வீட்டோடு நிற்பதுமில்லை. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் என்று ஒன்று இருக்கிறது. சனங்கள் “கிரிப்” என்று சொல்வது இதைத்தான். யார் யாருக்கு என்ன கடன், ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்ற விபரத்தை வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அங்கே கொடுக்கின்றன. புதிய கடன் கேட்டுப் போகும்போது வங்கி முதலில் அந்த அறிக்கையைத்தான் பார்க்கும். “கிரிப்பில் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள்” என்று பலர் சொல்வார்கள். பணியகத்திடம் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. கட்டியதும் கட்டாததும் பதிவாகியிருக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்துக் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பது வங்கி. ஆனால் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் ஒரு வாப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். நோன்புப் பெருநாளுக்குச் சாமான் இறக்கக் கடன் கேட்டுப் போகிறவரிடம், மகளின் அட்டையில் மூன்று மாதம் பிந்தியிருக்கிறது என்று உத்தியோகத்தர் சொன்னால் அவர் என்ன பதில் சொல்லுவார்? பிணைக் கையெழுத்துக்கும் இதே கதைதான். “சும்மா ஒரு கையெழுத்து” என்று ஒன்று வங்கியில் இல்லை.

எதைப் பார்த்து எடுப்பது

முதலாவதாகப் பற்றட்டை. மஹாபொலக் காசோ வீட்டிலிருந்து வரும் காசோ விழும் சேமிப்புக் கணக்குக்கு வங்கி கொடுக்கும் சாதாரண அட்டை. கணக்கில் இருப்பதற்கு மேல் செலவாகாது. கடையிலும் ஏ.ரி.எம். இலும் பாவிக்கலாம். இணையவழிக் கொடுப்பனவை வங்கியிடம் சொல்லித் திறந்து கொண்டால், பரீட்சைக் கட்டணமோ புத்தகமோ இணையத்தில் வாங்கவும் பெரும்பாலும் இதுவே போதும். மாணவிகள் கடனட்டை வேண்டுமென்று சொல்லும் காரணங்களில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

படிப்பு முடிந்து, தொழில் கிடைத்து, சொந்தச் சம்பளத்தில் முதல் கடனட்டை எடுக்கும் நாள் வரும்போது, கழிவு விளம்பரங்களைக் கடைசியாகப் பாருங்கள். ஹோட்டலில் இருவர் சாப்பிட்டால் ஒருவருக்கு இலவசம் என்ற அட்டை, வருடத்துக்கு ஒரு முறையும் ஹோட்டலுக்குப் போகாதவருக்கு எதற்கு? முதலில் வருடாந்தக் கட்டணம். முதல் வருடம் இலவசம் என்பார்கள்; இரண்டாம் வருடம் சொல்லாமலே கூற்றில் ஏறியிருக்கும். அடுத்தது இறுதித் திகதி. சம்பளம் 25 இல் வருகிறவருக்கு 20 இல் இறுதித் திகதி இருந்தால் மாதா மாதம் மூச்சுத் திணறும். கேட்டால் கூற்றுத் திகதியை மாற்றிக் கொடுக்கும் வங்கிகள் உண்டு. கடன் எல்லையைக் குறைத்துக் கேளுங்கள். ஒரு மாதச் சம்பளத்தின் அரைவாசிக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எல்லையைக் கூட்டித் தருகிறோம் என்று பிறகு குறுஞ்செய்தி வரும். அது பரிசல்ல.

வட்டியில்லாத் தவணைத் திட்டங்களிலும் ஒரு நெளிவு இருக்கிறது. சிலவற்றில் வட்டி இல்லை, கையாளும் கட்டணம் என்று வேறு பெயரில் ஒரு தொகை இருக்கும். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் சாதாரண வட்டிக்கு மாறுமா என்றும் கேட்க வேண்டும். கடனட்டையால் ஏ.ரி.எம். இல் காசு எடுக்கவே வேண்டாம். எடுத்த உடனே கட்டணமும், எடுத்த நாளிலிருந்து வட்டியும் ஏறும்.

பாதுகாப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்னை விட அதிகம் தெரியும். ஆனாலும் அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கத்தையும், தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. இலக்கத்தையும் வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்பவருக்கும் சொல்லக் கூடாது. உண்மையான வங்கி அவற்றைக் கேட்காது. ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி செய்து கொள்ளுங்கள். வங்கியோடு தீராத முறைப்பாடு இருந்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம்.

அந்தப் பிள்ளையின் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். அன்று வீட்டுக்குப் போய், வாப்பாவின் கடைக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து ஐந்து கேள்விகள் எழுதியிருக்கிறாள். வருடாந்தக் கட்டணம் எவ்வளவு, இன்றைய வட்டி வீதம் என்ன, துணை அட்டைக்குத் தனி எல்லை வைக்க முடியுமா, ஒரு நாள் பிந்தினால் என்ன நடக்கும், நிபந்தனைத் தாள் தமிழில் கிடைக்குமா. இருவரும் கிளைக்குப் போனார்கள். முதல் இரண்டுக்கும் நான்காவதுக்கும் உத்தியோகத்தர் உடனே பதில் சொன்னாராம். மூன்றாவதுக்கு உள்ளே போய்க் கேட்டு வந்தாராம். தமிழ்த் தாளுக்கு அடுத்த கிழமை வரச் சொன்னார்களாம்.

அவள் பற்றட்டையோடு கம்பஸுக்குப் போனாள். மடிக்கணினியை இரண்டு மாதம் பிந்தி, சந்தைச் சீட்டு விழுந்த பிறகு, கைக்காசுக்கு வாங்கினார்கள். அதுவரை விடுதிச் சிநேகிதி ஒருத்தியின் கணினியில் இரவு பத்து மணிக்கு மேல்தான் ஒப்படை எழுதினாளாம். வாப்பா அடுத்த கிழமை கிளைக்குப் போய் அந்தத் தமிழ்த் தாளை வாங்கி வந்திருக்கிறார். கடையில், கொப்பிக்குக் கீழே வைத்து, ஆள் இல்லாத நேரத்தில் வாசிக்கிறாராம். “ஆறாம் பக்கம் வந்திட்டார் டீச்சர்” என்று சென்ற விடுமுறையில் வந்தபோது சொன்னாள்.